மா பில்குவின் இரண்டாவது இதயம்

"மேடம், என் கையில வேற யாரோட இதயமோ துடிக்குது" என்றார் மா பில்கு.

துப்பறிவாளர் பியோ ஜங்ரான் வாய்வரை கொண்டுபோன கிம்பாப் சோற்றுச் சுருளோடு அப்படியே நின்றாள். எதிரில் நின்றவருக்கு ஐம்பத்தாறு வயது. உடம்பைப் பிடித்த மஞ்சள் பனியன், முழங்காலுக்கு நான்கு விரல் மேலே முடிந்துபோன கால்சட்டை, புதிய ஓட்டக் காலணி. வயிறு மட்டும் பழையது.

"இதய டாக்டர் எதிர்க் கட்டடம், மூணாவது மாடி" என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பாங் மான்சிக். "லிஃப்ட் இருக்கு. கவலைப்படாதீங்க."

மான்சிக் முப்பத்தொரு வருடம் சுன்சோன் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்குத்தான் ஓய்வு. வாய் இன்னும் பணியில்தான் இருந்தது. ஜங்ரானிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஜங்ரான் அதற்கு முன் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பொய் எலும்பு முறிவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். உடைந்த கால்காரர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களின் முகத்தைவிடக் கால்களை நம்பப் பழகியவள்.

மா பில்குவின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"உட்காருங்க மா சார். முதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் சொன்னார். அவர் சுவர்த்தாள் கடைக்காரர். பாதி சுன்சோன் வீடுகளின் சுவரில் இருப்பது அவர் ஒட்டிய காகிதம். மூன்று வாரமாகத் தினமும் காலையில் ஏரிக்கரையில் ஓடுகிறார். மனைவி ஒக்பூன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள்.

"ஜோடியா எடுத்தா சலுகைன்னு அவளுக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துக்கிட்டா. ஆப்பும் அவளே போட்டுக் குடுத்தா. வாட்ச் கம்பெனியோட ஆப் இல்ல மேடம். ஓட்டக் கிளப்புல எல்லாரும் வச்சிருக்கற வேற கம்பெனி ஆப். வாட்ச்ல இருந்து துடிப்பை வாங்கி கோடு கோடா வரைஞ்சு காட்டும்."

"நல்லதுதானே?"

"ஓடும்போது நூத்தி முப்பது காட்டுது. படகுத்துறை பெஞ்சுல உட்கார்ந்தா நூத்தி ஐம்பத்திரண்டு!"

மான்சிக் திரும்பிப் பார்த்தார். "உட்கார்ந்தாலா? எனக்கெல்லாம் உட்கார்ந்தா தூக்கம்தான் வரும்."

"அதைத்தாங்க என் பொண்டாட்டியும் கேக்கறா, எங்க நாரேயோட அம்மா. உட்கார்ந்த இடத்துல நூத்தி ஐம்பத்திரண்டு அடிக்கணும்னா பக்கத்துல ஒருத்தி உட்கார்ந்திருக்கணுமாம். பதினாலு நாள் கோட்டையும் பிரிண்ட் எடுத்து, ஊறுகாய் வைக்கிற கிம்ச்சி ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கா. சாப்பிட உட்கார்ந்தா எதிர்ல என் குற்றப்பத்திரிகை."

"பக்கத்துல ஒருத்தி இருக்காளா?"

"வாத்து இருக்கு மேடம்."

இருபத்தெட்டு வருடக் குடும்பம். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் உண்மையைச் சொல்லாவிட்டால் ஒக்பூன் கங்நுங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாளாம். கிம்ச்சி ஃபிரிட்ஜோடு.

"ஃபிரிட்ஜோடயா?" மான்சிக் எழுந்து நின்றுவிட்டார். "அப்போ திரும்பி வர்ற எண்ணமே இல்ல."

ஜங்ரான் கிம்பாப்பைக் கீழே வைத்தாள். "ஒரே ஒரு கேள்வி மா சார். அந்த பெஞ்சுல உட்கார்ந்து என்ன பண்றீங்க?"

"மூ... மூச்சு வாங்குவேன்."

அவருடைய இரண்டு காதும் சிவந்தன. ஜங்ரான் அதைப் பார்த்தாள்.

*

மறுநாள் காலை ஆறு பத்து. ஏரியின் மேல் பனி, பாலாடை மாதிரி படிந்திருந்தது. படகுத்துறையில் அன்னப் படகுகள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. உள்ளே உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டுகிற படகுகள். கடைசியில் ஒரே ஒரு மஞ்சள் வாத்துப் படகு. கரையோரம் நாணல் புதர். பெஞ்சுக்கு வலப்பக்கம் ஒரு காபி வண்டி. இடப்பக்கம் உடற்பயிற்சிக் கம்பியில் ஒரு பெரியவர் சட்டை காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார்.

மா பில்கு மூச்சிரைக்க ஓடி வந்து பெஞ்சில் விழுந்தார். அவருடைய கைபேசியை ஜங்ரான் ஓட்டப்பாதை முனையிலேயே வாங்கி வைத்திருந்தாள். இப்போது அவள் பெஞ்சுக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கினாள். யார் பார்த்தாலும் ஓட வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். மான்சிக்கும் காலை நீட்டினார். அவரைப் பார்த்தால் செருப்பில் ஒட்டிய எதையோ உதறுகிறவர் மாதிரி இருந்தது.

"திரும்பாதீங்க மா சார்" என்று ஜங்ரான் மரத்திடம் சொன்னாள். "வாட்ச்சைப் பார்த்து நம்பரைச் சொல்லுங்க."

"தொண்ணூத்தி நாலு."

ஜங்ரான் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். ஆப்பில் நூற்று ஐம்பத்து மூன்று.

"இத்தனை நாளா ரெண்டையும் ஒத்துப் பார்க்கலையா?"

"கண்ணாடி இல்லாம எனக்கு எதுவும் தெரியாது மேடம். இப்ப போட்டிருக்கேன். ஓடும்போது போட்டா மூக்குல இருந்து குதிக்குது."

"சரி, வாட்ச்சைக் கழட்டுங்க. கழட்டி பெஞ்ச் மேல வைங்க."

அவர் கழற்றி வைத்தார். அடியில் மின்னிக்கொண்டிருந்த பச்சை வெளிச்சம் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. ஆப் அசரவில்லை. நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று ஐம்பத்து மூன்று. நூற்று ஐம்பத்திரண்டு.

மான்சிக் ஒரு அடி பின்னால் போனார். "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். இவர் உயிரோடதான் இருக்காரா?"

"உளறாதீங்க பாங் அண்ணே. இதுதான் நமக்குக் கிடைச்ச முதல் நல்ல செய்தி." ஜங்ரானின் குரலில் உற்சாகம் ஏறியது. "வாட்ச்சுக்குக் கண் இருக்கு. தோல் மேல வெளிச்சம் அடிச்சு ரத்தம் ஓடறதைப் பார்த்து எண்ணும். ஆப்புக்குக் கண் கிடையாது. காது மட்டும்தான். வாட்ச் புளூடூத்துல 'இதோ துடிப்பு, இதோ துடிப்பு'ன்னு கத்திக்கிட்டே இருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கும். யார் கையில இருந்து கத்தினாங்கன்னு அதுக்குத் தெரியாது."

"புரிஞ்சுது. பஸ்ல எவனாவது 'மார்க்கெட் வந்துடுச்சு'ன்னு கத்தினா மொத்த பஸ்ஸும் எழுந்திருக்குமே, அது மாதிரி."

"அதேதான். இங்க இருபது முப்பது அடிக்குள்ள யாரோ ஒருத்தர் கையில இன்னொரு வாட்ச் கத்துது. அவங்களுக்கு இப்ப நூத்தி ஐம்பத்திரண்டு அடிக்குது."

இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். காபி வண்டிப் பெண்மணி. தொங்கும் பெரியவர். வேறு ஆளில்லை. இரண்டு பேரும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். மணிக்கட்டு தெரியவில்லை.

"சட்டையைத் தூக்கிக் காட்டுங்கன்னு கேக்க முடியாது. ஆனா பயமுறுத்திப் பார்க்கலாம்" என்றாள் ஜங்ரான். "யாரைப் பயமுறுத்தினா இந்த நம்பர் குதிக்குதோ, அவங்கதான் இதயத்துக்குச் சொந்தக்காரங்க."

"பயமுறுத்தறதா?" மான்சிக்கின் முகம் மலர்ந்தது. "மேடம், இந்த வேலைக்குத்தான் நான் பிறந்தேன்."

காகிதப் பை ஒன்றை ஊதி, இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து போனார். காபி வண்டிப் பெண்மணியின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஓங்கி அடித்தார்.

டமார்!

நாணலில் இருந்து மூன்று கொக்குகள் பறந்தன. பெண்மணி மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன அண்ணே, பை கிழிஞ்சுடுச்சா? வேற தரட்டுமா?"

ஆப்பில் நூற்று ஐம்பத்திரண்டு.

"எனக்கு மூணு பசங்க. மூணும் டிரம்ஸ் கத்துக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பாலைக் காய்ச்சப் போய்விட்டாள்.

மான்சிக் கம்பியருகே போனார். தொங்கிக்கொண்டிருந்த பெரியவரின் காதருகில் குனிந்து, "ஐயா, உங்க காரை இழுத்துட்டுப் போறாங்க!" என்றார்.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "எனக்குக் கார் கிடையாது. நான் பஸ்ஸுலதான் வருவேன்." பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஏய்! நீ பன்னிரண்டாம் நம்பர் பஸ் டிரைவர்தானே? மழையில நான் கையைக் காட்டக் காட்ட நிறுத்தாம போனவன்!"

ஆப்பில் நூற்று ஐம்பத்திரண்டு. மான்சிக்கின் இதயம் எவ்வளவு காட்டியிருக்கும் என்று சொல்ல அவர் கையில் வாட்ச் இல்லை. அவர் ஓடி வந்த வேகத்தைப் பார்த்தால் நூற்று எண்பதுக்குக் குறையாது.

"ரெண்டு பேரும் இல்ல மேடம்" என்று மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "வாத்தைத்தான் பயமுறுத்தணும்."

ஜங்ரான் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடுகிறவன் துடிப்பு ஏறும், நின்றால் இறங்கும். இது இறங்கவே இல்லை. யாரோ ஓடவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் ஒரே சீராக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மனிதர் இங்கே வரும் நேரத்தில் மட்டும். பதினாலு நாளும்.

"பயத்துக்கு அசையல" என்றாள். "வேற மருந்து குடுத்துப் பார்ப்போம். பாங் அண்ணே, நம்பரைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருங்க."

கைபேசியை அவரிடம் கொடுத்தாள். தலைமுடியை அவிழ்த்து விட்டாள். மரத்தை விட்டு வந்து, பெஞ்சில் மா பில்குவை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

மா பில்கு மரக்கட்டையாகிப் போனார். "மே... மேடம்..."

"அசையாதீங்க. சிரிங்க."

"எனக்கு வரலை."

"நூத்தி ஐம்பத்தெட்டு" என்றது மரம். "நூத்தி அறுபத்தி மூணு! மேடம், நூத்தி அறுபத்தி ஏழு! அவர் கையைப் பிடிங்க!"

ஜங்ரான் கையைப் பிடித்தாள்.

"நூத்தி எழுபத்தொண்ணு!"

அப்போது நாணல் புதருக்குள் சளக் சளக் என்று தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. காற்றே இல்லை. ஆனாலும் புதருக்குப் பின்னால் இருந்த ஓர் அன்னம் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பி, ஏரியின் நடுவை நோக்கி ஓடத் தொடங்கியது.

"அங்க!" ஜங்ரான் குதித்து எழுந்தாள்.

*

துப்பறியும் தொழிலில் ஜங்ரான் காரில் துரத்தியிருக்கிறாள். ரயிலில் துரத்தியிருக்கிறாள். வாத்துப் படகில் துரத்தியது இதுதான் முதல் தடவை.

"மிதிங்க பாங் அண்ணே!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்! முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன் மேடம், ஒரு நாளும் டீசல் வேலையை என் கால் பார்த்ததில்ல!"

முன்னால் அன்னம். பின்னால் வாத்து. இரண்டும் போன வேகத்தில் கரையில் காபி வண்டிப் பெண்மணி கூடவே நடந்து வந்து, "சூடா ரெண்டு எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். கம்பிப் பெரியவரும் கரையோரம் வந்து நின்று கத்தினார். "அன்னைக்கும் நிறுத்தல, இன்னைக்கும் நிறுத்த மாட்டியா!"

திடீரென்று அன்னம் நின்றது.

கால் மிதிக்கிற சத்தம் நிற்கவில்லை. சளக் சளக் சளக் என்று பின்னால் தண்ணீர் சிதறியது. ஆனால் படகு ஓர் அங்குலம் நகரவில்லை. அதன் வாலில் ஒரு நைலான் கயிறு விறைத்துப்போய் கரைக் கம்பம் வரை நீண்டிருந்தது.

"கயிறை அவிழ்க்காம தப்பிக்கப் பார்த்த முதல் குற்றவாளி" என்றார் மான்சிக், மூச்சு வாங்கியபடி.

வாத்து போய் அன்னத்தின் விலாவில் மெத்தென்று முட்டியது. உள்ளே ஓர் உருவம். முகத்தை மூடிய பெரிய வெயில் தொப்பி, முகக்கவசம், முழங்கை வரை கையுறை. மணிக்கட்டில் மட்டும் கையுறை கொஞ்சம் மடிந்து, அதன் நடுவே பச்சை வெளிச்சம் மின்னியது. நூற்று எழுபத்தொன்று.

ஜங்ரான் எட்டிப் பிடித்துத் தொப்பியைக் கழற்றினாள்.

"நாரே அம்மா!" என்று கரையில் இருந்து மா பில்கு அலறினார்.

தோ ஒக்பூன் முகக்கவசத்தை இழுத்துக் கீழே விட்டாள். அகப்பட்டுக்கொண்ட வெட்கம் துளியும் அந்த முகத்தில் இல்லை.

"அந்தப் பொம்பள நீதானா?" என்றாள் ஜங்ரானைப் பார்த்து.

"நான் துப்பறியறவ. உங்க வீட்டுக்காரர்தான் கூட்டிக்கிட்டு வந்தார்."

"துப்பறியறவளுக்கு அவர் தோள் எதுக்கு?"

ஜங்ரான் அவிழ்த்த முடியை முடிந்துகொண்டே காரணத்தைச் சொன்னாள். மான்சிக் கயிற்றைப் பிடித்து இழுக்க, இரண்டு படகும் கரைக்கு வந்தன. பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மா பில்குவுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அவர் நின்றார்.

"லிஃப்ட் வரலைன்னா முதல் மாடிக்குக் கூட ஏறாத மனுஷன்" என்று ஒக்பூன் ஆரம்பித்தாள். "ஒரு நாள் காலையில அஞ்சரைக்கு எழுந்து 'ஓடப் போறேன்'ங்கறார். எந்தப் பொண்டாட்டி நம்புவா? ரெண்டாம் நாளே இங்க வந்துட்டேன். படகுக்காரன் என்கூடப் படிச்சவன். திறக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணை எடுத்துக்கச் சொன்னான். புதருக்குள்ள நிறுத்திப் பார்த்துக்கிட்டிருப்பேன். தண்ணி அதை இழுத்து இழுத்துத் திருப்பிவிடும். பெஞ்சைப் பார்க்கணும்னா மிதிச்சுக்கிட்டே இருக்கணும். இன்னைக்கு மரத்துக்குப் பின்னால இருந்து யாரோ கத்தினதும், என்னைப் பார்த்துட்டாங்கன்னு ஓடினேன்."

"இத்தனை நாள்ல அவர்கூட யாரையாவது பார்த்தீங்களா?"

"ஒரு நாளும் பார்க்கலை. அதான் எனக்குச் சந்தேகமே. அவ்வளவு கெட்டிக்காரி அவ."

ஜங்ரான் கைபேசியில் ஆப்பைத் திறந்து காட்டினாள். இதயத்துடிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்கிற பக்கம். ஒரே பெயரில் இரண்டு வாட்ச். இரண்டுக்கும் நேரே டிக்.

"இதைப் போட்டது நீங்கதானே?"

"எது அவரோடதுன்னு தெரியலை. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் போட்டேன்."

"ரெண்டும் பக்கத்துல இருந்தா ஆப் முதல் வரியில இருக்கறதைத்தான் எடுத்துக்கும். முதல் வரி உங்க வாட்ச். நீங்க தூரத்துல இருக்கற வரைக்கும் அவர் துடிப்பை எழுதுச்சு. அவர் பெஞ்சுக்கு வந்ததும் உங்களோடதை எழுதுச்சு."

ஒக்பூன் கோடுகளைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மறுபடி கோடுகளைப் பார்த்தாள்.

"அப்போ ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கற பதினாலு நாளும்..."

"உங்க இதயம்தான்."

"தங்கச்சி" என்றார் மான்சிக் மிகுந்த மரியாதையோடு, "நீங்க இவ்வளவு நாளா உங்களையே கையும் களவுமா பிடிச்சுக்கிட்டிருந்திருக்கீங்க."

மா பில்குவின் முகத்தில் வெயில் அடித்தது. இருபத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு சண்டையில் ஜெயித்த களை. "பார்த்தியா நாரே அம்மா! நான் அப்பவே சொன்னேன்ல..."

"இருங்க." ஒக்பூன் கையை உயர்த்தினாள். "நம்பர் என்னோடதாவே இருக்கட்டும். என் கண்ணு என்னோடதுதானே? தினமும் இதே பெஞ்சுல உட்கார்ந்து, நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, ஏரியைப் பார்த்து வாயை அசைச்சீங்களே. அது யார்கிட்ட?"

மா பில்குவின் களை வடிந்து காலணிக்குள் இறங்கியது. ஜங்ரான் முந்தின நாள் பார்த்த அதே சிவப்பு, இரண்டு காதிலும் ஏறியது.

"இதை நானும் கேக்கணும்னு இருந்தேன் மா சார்" என்றாள்.

"ஓடறது எதுக்குன்னா..." அவர் தரையைப் பார்த்தார். "மூச்சுப் பத்தலை. கடைசி வரியில ஒரு இழுவை வருது. அதுக்கு மூச்சு வேணும்."

"என்ன இழுவை?"

"சனிக்கிழமை ஆத்தங்கரை மேடையில பாட்டுப் போட்டி. பேர் குடுத்திருக்கேன்."

ஒக்பூன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஆறு வருடம் முன்பு இதே போட்டியில் மா பில்கு நான்காவது சொல்லைப் பாடும்போதே நடுவர் மணி அடித்து அவரை மேடையிலிருந்து வெளியே அனுப்பினார். அதன் பிறகு ஒரு வருடம், கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லாம் கதவைத் திறக்கும்போதே "டிங்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். இனி குளியலறையில்கூடப் பாடக் கூடாது என்று ஒக்பூன் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"உனக்குத் தெரியாம வெளியில வந்து பழகினேன்" என்றார் மா பில்கு. "சத்தம் வராம."

ஏரியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"இதுக்கு நீங்க ஒரு பொம்பளையையே வச்சிருந்திருக்கலாம்" என்றாள் ஒக்பூன்.

ஆனால் அவள் எழுந்து போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார்.

*

சனிக்கிழமை மதியம் ஆற்றங்கரை மேடையில் கூட்டம் நெரிந்தது. ஜங்ரானும் மான்சிக்கும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஒக்பூன், கையைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மா பில்கு பளபளக்கும் நீலக் கோட்டில் வந்தார். முதல் வரியைப் பாடினார். மோசம். இரண்டாவது வரி அதைவிட மோசம். ஆனால் மூச்சு மட்டும் திடமாக நின்றது. மான்சிக் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

மூன்றாவது வரியின் நடுவில் நடுவர் மணி அடித்தார். டிங்!

கூட்டம் சிரித்தது. மா பில்கு குனிந்து வணங்கினார். மைக்கைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. ஒக்பூன் எழுந்து நின்றிருந்தாள்.

"ஏங்க, நடுவர் ஐயா! அந்தக் கடைசி இழுவைக்காக இந்த மனுஷன் ஒரு மாசம் ஏரியைச் சுத்தி ஓடியிருக்கார். அது வர்ற வரைக்கும் பாடட்டும்!"

"அம்மா, விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு. உங்களுக்கே கேக்குதில்ல? அவர் மோசமா பாடறார்."

"மோசமாத்தான் பாடறார்!" ஒக்பூன் மேடையை நோக்கி இரண்டு அடி வைத்தாள். "ஆனா என் வீட்டுக்காரர் மோசமா பாடினா நிறுத்தச் சொல்ற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு. நீங்க யாரு?"